முழங்கால் ஆறின பிறகும் கால் ஏன் பந்துக்குப் போவதில்லை

பந்து உயரத்தில் வருகிறது. எதிர்ப்பக்கப் பொடியனும் ஓடி வருகிறான், நானும் ஓடுகிறேன், நான்தான் பந்துக்குக் கிட்ட. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் போதும். அந்தக் கடைசி எட்டில் என் வலது கால் தானாகவே பின்னுக்கு வந்துவிட்டது. நான் இழுக்கவில்லை, இழுக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. பந்தை அவன் எடுத்துக்கொண்டு போனான், கரையில் நின்றவர்கள் கத்தினார்கள், நான் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்துப் பின்னேரம் அது. மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்து மைதானங்கள் அந்த நேரம் காய்ந்து சீமெந்துத் தரை மாதிரி இருக்கும். சத்திரசிகிச்சை முடிந்து பத்து மாதமாகியிருந்தது. அதற்கு முந்தின கிழமைதான் கிளினிக்கில் வைத்தியர் காலை மடக்கி, நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, விளையாடலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் அந்தக் கால் ஏன் பின்னுக்கு வந்தது? இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. இப்போது பின்னேரங்களில் சின்னப் பொடியன்களுக்குப் பந்து பழக்குகிறேன், வருடத்துக்கு ஒருவனாவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு மட்டும் வந்த கோழைத்தனம் என்று நான் நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குள் குறுக்கே ஓடுகிற சவ்வு, டொக்டர்மார் ஏ.சி.எல். என்று சொல்வது, அறுந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய 69 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் ஒரு தொகுப்பு வந்தது. ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். அவர்களில் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 வீதம். காயத்துக்கு முன் இருந்த அதே தரத்துக்கு வந்தவர்கள் 65 வீதம். போட்டி விளையாட்டுக்கு வந்தவர்கள் 55 வீதம்தான். மற்றவர்களுக்கெல்லாம் முழங்கால் சரிவரவில்லையா என்றால், பெரும்பாலானவர்களுக்கு மடக்கவும் நீட்டவும் நடக்கவும் ஓடவும் முடிந்தது. திரும்பாதவர்களிடம் காரணம் கேட்ட ஆய்வுகளை 2019-இல் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ 65 வீதம் பேர் சொன்ன காரணம் மனம் சார்ந்தது. அதிலும் முன்னுக்கு நின்றது மறுபடி அடிபடும் என்ற பயம்.

ஆக, உலகம் முழுக்க வீரர்களை மைதானத்துக்கு வெளியே வைத்திருக்கிற பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதை நம்முடைய ஊரில் யாரும் கேட்பதே இல்லை. வைத்தியர் முழங்காலைப் பார்க்கிறார், பிசியோ தசையைப் பார்க்கிறார், கோச் ஓட்டத்தைப் பார்க்கிறார், அம்மா வீக்கத்தைப் பார்க்கிறாள். "பயமாக இருக்கிறதா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அது கேள்வியாக வராது, கேலியாகத்தான் வரும். விளையாட்டு உளவியலாளரைப் பக்கத்தில் வைத்திருக்கிற கழகம் ஒன்றை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நான் கண்டதில்லை, எனவே இந்த வேலையை நாம்தான், தெரிந்தோ தெரியாமலோ, செய்துகொண்டிருக்கிறோம். தெரியாமல் செய்வதால்தான் பாதி கெட்டுப் போகிறது.

இந்தச் சவ்வு அறுகிற விதமே மனதைக் குழப்புகிறது. பெரும்பாலும் யாரும் இடிப்பதில்லை. ஓடிவந்து காலை ஊன்றித் திரும்புகிறோம், அல்லது குதித்து ஒற்றைக் காலில் இறங்குகிறோம், உடம்பு ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமும் போகிறது, முடிந்தது கதை. எனக்கும் அப்படித்தான். பச்சைத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, விழுந்து கிடந்து பார்த்தால் பக்கத்தில் ஒருத்தனும் இல்லை. யாராவது வந்து வெட்டியிருந்தால் அவன்மேல் கோபப்பட்டிருக்கலாம். யாரும் இல்லாதபோது என் காலையே நான் சந்தேகிக்கத் தொடங்கினேன். பத்து மாதம் கழித்தும் தீராதது அந்தச் சந்தேகம்தான்.

இதில் உடம்பின் பங்கையும் சொல்ல வேண்டும். மனசு வேறு உடம்பு வேறு என்று பிரித்தால் எதுவும் விளங்காது. முழங்காலுக்குள் நீர் கட்டி வீங்கினால், அங்கிருந்து போகிற செய்தி முள்ளந்தண்டு வரை போய், தொடையின் முன்தசைக்கு வருகிற கட்டளையைக் குறைத்துவிடுகிறது. தசை கிழியவில்லை, நரம்பு அறவில்லை, ஆனால் இறுக்கு என்றால் இறுகாது. ஒப்பரேஷன் முடிந்த முதல் கிழமை கட்டிலில் கிடந்து தொடையை இறுக்கச் சொன்னபோது நான் முழுப் பலத்தையும் கொடுத்தேன், தசை அசையவே இல்லை. வேறு ஒருத்தருடைய காலுக்குக் கட்டளை போடுகிற மாதிரி இருந்தது. பிசியோ ஒரு கையைத் தொடைமேல் வைத்து, "இந்த இடத்தைப் பாருங்கோ, இங்கதான் இறுக்கணும்" என்று திரும்பத் திரும்பத் தட்டினார். நாலாம் நாள்தான் தோலுக்குக் கீழே மெல்லிசாக ஒரு துடிப்பு வந்தது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த அளவு நாடாவை எடுத்து, முழங்கால் சிரட்டைக்கு மேலே ஒரு சாண் அளந்து பேனாவால் கோடு போட்டு, இரண்டு தொடையையும் சுற்றிப் பார்த்தேன். வலது தொடை நாலு சென்டிமீட்டர் குறைவு. அந்த நாடாவை நான் பிறகு ஆறு மாதம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன், ஒரு நாளைக்கு மூன்று தரம்கூட அளந்திருக்கிறேன். தசை கிழமைக்கணக்கில்தான் வளரும், காலையில் அளந்து பின்னேரம் அளந்தால் ஒரு வித்தியாசமும் இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் மனசுக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்று. அறுந்துபோன சவ்வு வெறும் கயிறு இல்லை. அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன, கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சிரட்டைக்குக் கீழிருந்தோ நாரை எடுத்து உள்ளே வைத்துக் கட்டும்போது கயிறு வந்துவிடும், அந்தப் பேச்சு உடனே வந்துவிடாது. அதனால் மூளை கண்ணை நம்பத் தொடங்குகிறது. சத்திரசிகிச்சை செய்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தவர்கள், காலை அசைக்கும்போது பார்வையோடு சேர்ந்த பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். திரும்பி வந்த பொடியனை மைதானத்தில் உற்றுப் பாருங்கள், அவன் நிலத்தைப் பார்த்து ஓடுவான். காலை எங்கே வைக்கிறேன் என்று கண்ணால் சரிபார்த்துக்கொண்டு ஓடுகிறவன் பந்தையும் எதிராளியையும் எதால் பார்ப்பான்? அரை நொடி பிந்துவான். அந்த அரை நொடியில்தான் அடிபடுகிறது.

பயமும் இதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. பயந்தவனுக்குத் தசைகள் இறுகிவிடும், பார்வை சுருங்கிவிடும், குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்குவான். விறைத்த காலில் இறங்குவதுதான் சவ்வுக்கு ஆகாதது. அதாவது, அடிபடுமோ என்ற பயமே அடிபடுகிற மாதிரி அவனை விளையாட வைக்கும். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், இருபது வயதுக்குட்பட்டவர்களில் மனத்தயார்நிலை குறைவாக இருந்தவர்களுக்கே இரண்டாம் முறை சவ்வு அறுவது அதிகமாக இருந்தது. இன்னொரு பக்கம், பயத்தால் ஒதுங்கியவன் கதை வேறு. ஒதுங்க ஒதுங்கத் தசை மெலிகிறது, தசை மெலிய மெலிய கால் ஆட்டம் காண்கிறது, ஆட்டம் காணும்போது, பார்த்தியா நான் பயந்தது சரிதானே என்று மனம் சொல்கிறது. முதுகுவலிக்காரர்களிடம் இந்தச் சுழலை ஆராய்ச்சியாளர்கள் 1980-களிலேயே விவரித்துவிட்டார்கள். முழங்காலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இதனால்தான் "பயப்படாத மச்சான்" என்பது ஒன்றுக்கும் உதவாத வார்த்தை என்கிறேன். சொல்கிறவன் நல்ல மனதோடுதான் சொல்கிறான், எனக்கும் சொன்னவர்கள் என்னை விரும்பியவர்கள்தான். ஆனால் அந்தப் பயம் கற்பனை இல்லை. 25 வயதுக்குக் குறைந்தவர்கள் விளையாட்டுக்குத் திரும்பினால், அவர்களில் 23 வீதம் பேருக்கு அதே முழங்காலிலோ மற்ற முழங்காலிலோ மறுபடி சவ்வு அறுகிறது என்று 2016-இல் ஒரு தொகுப்பு கணக்குக் காட்டியது. நாலில் ஒன்றுக்குக் கிட்ட. அப்படி ஓர் ஆபத்து இருக்கும்போது பயப்படாதே என்று சொன்னால், அவன் உங்களிடம் பயத்தைச் சொல்வதைத்தான் நிறுத்துவான், பயப்படுவதை நிறுத்தமாட்டான்.

செய்ய வேண்டியது பயத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது. ஒரு பங்கு, கால் இன்னும் தயாராகவில்லை என்று உண்மையைச் சொல்கிற பயம். அதற்கு மருந்து காலமும் பரிசோதனையும். 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடைப் பலம், ஒற்றைக்கால் பாய்ச்சல் போன்ற பரிசோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் 5.6 வீதம் பேருக்குத்தான் மறுகாயம், தேறாமல் இறங்கியவர்களில் 38.2 வீதம் பேருக்கு. ஒற்றைக் காலில் பாய்ந்து எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க ஒரு மீட்டர் நாடாவும் ஒரு சோக்கட்டியும் போதும், அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கெட்ட காலின் பாய்ச்சல் நல்ல காலின் பாய்ச்சலில் 90 வீதமாவது வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வராதவரைக்கும் அவன் பயப்படுவது சரி, இறங்கக் கூடாது. சித்திரைப் புத்தாண்டுச் சுற்றுப்போட்டி வருகிறது, இறுதி ஆட்டம் வருகிறது, ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்கு என்று ஐந்தாம் மாதத்திலேயே கூப்பிடுகிற கழகங்கள் இருக்கின்றன. அப்படிக் கூப்பிடுகிறவர்களிடம் 5.6, 38.2 என்ற அந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

மற்றப் பங்கு, பரிசோதனையில் எல்லாம் தேறின பிறகும் மிஞ்சி நிற்கிற பயம். அதைப் பயிற்சியால்தான் கரைக்க முடியும், புத்திமதியால் முடியாது. அதற்கு முதல் அதை அளக்க வேண்டும். அளக்க முடியுமா என்றால், முடியும். 2008-இல் அவுஸ்திரேலியாவில் இந்தச் சவ்வுக் காயத்துக்கென்றே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். விளையாடும்போது முழங்காலைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறாய், மறுபடி சிகிச்சையும் ஓய்வும் என்று எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டி வருமோ என்ற நினைப்பு உன்னைத் தடுக்கிறதா, பழைய தரத்துக்கு வருவேன் என்று எவ்வளவு நம்புகிறாய், இந்த மாதிரிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நான் பொடியன்களிடம் இதைச் சுருக்கி ஒரே கேள்வியாகக் கேட்கிறேன்: நூற்றுக்கு எவ்வளவு பயம்? கேட்டு ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைப்பேன். விஞ்ஞானம் என்று சொல்லமாட்டேன், ஆனால் "பயமா?" என்று கேட்டால் "இல்லை சேர்" என்கிற அதே பொடியன், எண் கேட்டால் "அறுபது" என்கிறான்.

இனி, பயத்துக்கு அப்பால் இருக்கிற ஒன்று, எனக்கு இதுதான் கூடுதலாக வலித்தது. ஒருவன் தன்னை விளையாட்டுக்காரன் என்று எவ்வளவு ஆழமாக எண்ணுகிறான் என்பதை அளக்க 1993-இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கேள்விக்கொத்துச் செய்தார்கள். விளையாட்டைத் தவிர வேறு அடையாளம் இல்லாதவன் நன்றாகப் பயிற்சி செய்வான், ஆனால் காயம் வந்தால் அவன்தான் கூடுதலாக நொறுங்குவான் என்பது அவர்கள் சொன்ன விஷயம். எங்கள் ஊர்களில் இருபது வயதுப் பொடியனுக்குப் பந்தைத் தவிர என்ன அடையாளம் இருக்கிறது? வேலை இன்னும் இல்லை. உயர்தரம் முடிந்து பெறுபேறு வரவில்லை, அல்லது வந்தும் பலனில்லை. கழகத்தின் பெயர் பின்னால் எழுதின பெனியனைப் போட்டுக்கொண்டு சந்தியில் நின்றால் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் அவன் சொத்து. ஒன்பது மாதத்துக்கு அது போய்விடுகிறது. பின்னேரம் நாலரை மணியானால் மைதானத்துச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும், நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். சப்பாத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தேன். கூட்டும்போது அம்மா அதை இழுத்து வெளியே வைத்தால் கோபம் வரும்.

வருமானமும் போகிறது. இங்கே பந்தடிக்கிறவர்களில் எத்தனையோ பேர் பகலில் வள்ளத்தில் போகிறார்கள், மேசன் வேலைக்குப் போகிறார்கள், ஆட்டோ ஓடுகிறார்கள். முழங்கால் போனால் விளையாட்டும் வேலையும் ஒன்றாகப் போகும். பெரிய நாடுகளின் ஆய்வுகளில் வருகிற கல்லூரி வீரனுக்கு இந்தக் கவலை இவ்வளவு இருக்காது. ஆறாம் கிழமையே கட்டை காவப் போகிறவனைப் பொறுமை இல்லாதவன் என்று ஏசுவதில் நியாயமில்லை.

அப்புறம், இது போரும் சுனாமியும் பார்த்த கரை. கால் இழந்தவர்கள் இல்லாத கிராமம் இங்கே குறைவு. 2004 மார்கழி 26-இல் முழுக் குடும்பத்தையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று, ஒரு சவ்வு அறுந்ததற்கு எனக்கு நித்திரை வருகுதில்லை, சாப்பாடு இறங்குதில்லை என்று சொல்ல நா எழாது. நான் சொல்லவில்லை. இன்றைக்குப் பொடியன்களும் அதனால்தான் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். பெரிய துயரம் பார்த்த ஊரில் சின்னத் துயரத்துக்குச் சொல் இருக்காது. ஆனால் மனசு அப்படி ஒப்பிட்டுப் பார்த்து வருந்துவதில்லையே. ஒரு மாமி, தன் மகனைப் போரில் இழந்தவர், எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உனக்கும் நோகும்தானே மனே" என்றார். அந்த ஆண்டு முழுவதிலும் எனக்குக் கிடைத்த உளவியல் சிகிச்சை என்றால் அந்த ஒரு வசனம்தான்.

சொற்கள் அவ்வளவு வேலை செய்கின்றன. நாவூறு என்று ஒருவர் சொல்வார், சனி என்று இன்னொருவர் சொல்வார், அது மனசுக்கு ஓர் ஆறுதல் என்றால் திருநீறு போட்டுவிட்டுப் போகட்டும், நான் எதிர்க்கமாட்டேன். பரியாரியிடம் எண்ணெய் பூசிப் பத்துப் போடுவதும் அப்படித்தான், சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் அந்தக் கை தருகிற ஆறுதலை நானும் அனுபவித்திருக்கிறேன். முழுசாக அறுந்த சவ்வு பத்தால் ஒட்டாது என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் "இனி உன்னால பழைய மாதிரி ஏலாது" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்வது காயத்துக்கு மேலே காயம். அதேபோல, பிரேசிலின் ரொனால்டோவைப் பார், அவனுக்கு இரண்டு தரம் முழங்கால் போய் 2002 உலகக் கிண்ணத்தில் எட்டு கோல் அடித்தானே என்று உற்சாகப்படுத்துகிறவர்களும் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 1999 நவம்பரில் அடிபட்டு, 2000 ஏப்ரலில் திரும்பி வந்து, இறங்கின சில நிமிடங்களிலேயே அதே முழங்கால் மறுபடி போனது. எட்டு கோலுக்கு முன்னால் இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தைச் சொல்லுங்கள், நாலாம் மாதத்தில் கிடக்கிற பொடியனுக்கு அதுதான் உதவும்.

காயப்பட்டவன் முதலில் மறுப்பான், பிறகு கோபப்படுவான், பிறகு பேரம் பேசுவான், பிறகு சோர்வான், கடைசியில் ஏற்றுக்கொள்வான் என்று ஐந்து படி சொல்வார்கள். அது 1969-இல், சாகப்போகிற நோயாளிகளைப் பார்த்து ஒரு வைத்தியர் எழுதியது. விளையாட்டுக் காயத்துக்கு அந்த வரிசை பொருந்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. எனக்குக் காலையில் ஏற்றுக்கொண்ட மனசு இருக்கும், பின்னேரம் பந்துச் சத்தம் கேட்டால் கோபம் வரும், இரவு கடவுளோடு பேரம். படி ஏறுகிற மாதிரி இல்லை, வாவியில் அலை வந்து போகிற மாதிரி. எட்டாம் மாதத்தில் ஒருவன் திரும்பவும் அழுதால் அவன் பின்னுக்குப் போய்விட்டான் என்று பயப்பட வேண்டாம். சொல்லப்போனால் மைதானத்துக்குத் திரும்புகிற நாள் நெருங்கும்போதுதான் நிறையப் பேருக்குப் பதற்றம் மறுபடி ஏறுகிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உதைபந்து, கூடைப்பந்து மாதிரி ஒரே விளையாட்டில் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் இந்தச் சவ்வு அறுவது பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதல். ஆனால் திரும்பி வருகிறவர்களில் அவர்களைக் காணவே முடிவதில்லை. கல்முனைப் பக்கத்தில் வலைப்பந்து விளையாடிய ஒரு பிள்ளை, நல்ல உயரம், மாகாண மட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவள், ஒரு காலை நேரப் பயிற்சியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வீட்டில் முடிவாகிவிட்டது: "காணும் விளையாடினது." முழங்காலில் தழும்பு, நாளைக்குக் கலியாணப் பேச்சு, நொண்டினால் யார் எடுப்பார்கள். அவளுக்குப் பயம் இருந்ததா, ஆசை இருந்ததா, யாரும் கேட்கவில்லை. ஆறி வருகிறவருக்கு மூன்று வேண்டும் என்று இதை ஆராய்கிறவர்கள் சொல்வார்கள்: முடிவில் தனக்கும் கை இருக்கிறது என்ற உணர்வு, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன் கூட்டத்தோடு இன்னும் சேர்ந்தே இருக்கிறேன் என்ற உணர்வு. அந்தப் பிள்ளைக்கு ஒரே பின்னேரத்தில் மூன்றும் போயின. பெற்றோரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை, அவர்களுடைய பயமும் பயம்தான். விளையாடவிடுவதா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம், ஆனால் பிசியோவை நிறுத்தாதீர்கள், முதல் ஆறு மாதத்துக்கு அந்த முடிவையே எடுக்காதீர்கள். பலம் வந்த காலை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதும் மெலிந்த காலை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதும் ஒன்றில்லை.

காயத்துக்கு முன்னாலேயே மனசு இதில் நுழைந்துவிடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மன அழுத்தம் கூடினால் தசை இறுகி, கவனம் சிதறி, அடிபடும் வாய்ப்புக் கூடுகிறது என்று 1988-இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழக வீரர்களைப் பார்த்து 2016-இல் வந்த ஆய்வில் பரீட்சைக் கிழமைகளில் காயங்கள் கூடியிருந்தன. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது காலையில் கிளாஸ், பின்னேரம் பயிற்சி, இரவு இரண்டு மணி வரை படிப்பு என்று கண் சிவந்து வருகிற பொடியனைக் கடும் பயிற்சிக்கு விடாதீர்கள். அவன் கேட்டாலும் விடாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பயத்தைக் கரைப்பதற்கு நான் கண்ட வழி, அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டுவது. முதலில் தனியாக, நேராக ஓட்டம். பிறகு வளைந்து. பிறகு நிறுத்தித் திரும்புவது, அதுவும் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாய் என்று முன்னமே சொல்லி. பிறகு சொல்லாமல், கை காட்டின பக்கம். பிறகு ஒருவன் எதிரில் நிற்பான், தொடமாட்டான். பிறகு தோள் உரசுவான். பிறகு பாதி வேகத்தில் பந்துக்கு மோதுவது. எந்தப் படியில் எண் அறுபதுக்கு மேலே போகிறதோ அந்தப் படியிலேயே நிற்போம், எண் முப்பதுக்கு இறங்கும் வரை, கிழமைக்கணக்கில் என்றாலும். இதற்கிடையில் கண்ணை நிலத்திலிருந்து பிரிக்க வேண்டும்: ஒற்றைக் காலில் நிற்கும்போது பந்தை எறிந்து பிடிக்க வைப்பேன், நான் காட்டுகிற விரலை எண்ணச் சொல்வேன். தளர்ந்த கடற்கரை மணலில் ஓடவைத்தால் கால் பலமாகும் என்று கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள், ஆரம்ப மாதங்களில் அது வேண்டாம், கால் புதைந்து சரிகிற ஒவ்வொரு தடவையும் பயம் ஒரு படி ஏறும்.

மனதால் விளையாடிப் பார்ப்பதும் வேலை செய்கிறது, இதைச் சும்மா சொல்லவில்லை. இந்தச் சத்திரசிகிச்சை செய்த 30 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதத்தில் பத்துத் தடவை உடலைத் தளர்த்தி, முழங்கால் ஆறுவதையும் விளையாட்டுக்குத் திரும்புவதையும் மனதில் காட்சியாகப் பார்க்கப் பழக்கினார்கள். 2001-இல் வெளியானது. அந்தக் குழுவுக்கு முழங்கால் பலம் கூடுதலாகவும், வலியும் மறுகாயப் பதற்றமும் குறைவாகவும் இருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் இதற்கு ஒரு சதமும் செலவில்லை. படுக்கையில் கண்ணை மூடி, எந்த மைதானம், எந்தக் கோல் கம்பம், எந்தப் பக்கத்துக் காற்று என்று விபரமாக, பந்துக்குப் போகிற அந்தக் கடைசி எட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் கண்ணை மூடினாலும் கால் பின்னுக்குத்தான் வந்தது. மூன்றாம் கிழமையில்தான் மனதிலாவது அது முன்னுக்குப் போனது.

கழகத்துக்கு ஒரு வார்த்தை. காயப்பட்டவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஸ்கோர் எழுதட்டும், சின்னவர்களுக்குப் பந்து உருட்டட்டும், எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள், ஏனென்றால் கரையில் இருந்து பார்ப்பதே சிலருக்குத் தாங்காது. பயிற்றுவிப்பாளரின் சொல்லுக்கு இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. வெபர் மைதானம் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பெயருக்குரிய வெபர் அடிகளார் அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கினவர். கோச்சைத் தகப்பன் இடத்தில் வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. அந்த இடத்தில் இருக்கிறவர் "உன் இடம் உனக்கு இருக்கு, அவசரமில்லை" என்று ஒரு தடவை சொன்னால் பத்துப் பேர் சொன்னதை அது அழிக்கும்.

எல்லாம் பயிற்சியால் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வருவதில்லை, புதிதாகக் குடிக்கத் தொடங்கிவிட்டான், வலி குறைந்த பிறகும் வலிக் குளிசையை விடுகிறானில்லை, இருந்து என்ன பலன் என்கிற மாதிரிப் பேசுகிறான் என்றால், அது வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். முழங்காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவன் இதற்கும் போகலாம்.

இப்போது என்னிடம் ஒரு பொடியன் இருக்கிறான், பத்தொன்பது வயது, ஏழாம் மாதம். இரண்டு சீமெந்துக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேலிருந்து குதித்து இறங்கும் பயிற்சி. போன மாதம் கல்லில் ஏறி நின்றுவிட்டு இறங்காமலே நின்றான், கொப்பியில் அன்றைக்கு 75 என்று இருக்கிறது. அன்று ஒரு கல்லை எடுத்துவிட்டேன். நேற்றுத் திரும்ப இரண்டு கல். ஏறினான், கோல் கம்பத்தைப் பார்த்தான், குதித்தான், முழங்கால் மடங்கி மெத்தென்று இறங்கினான். எவ்வளவு என்று கேட்டேன்.

"நாற்பது சேர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாற்பத்தஞ்சு எண்டு போடுங்கோ" என்றான்.

நாற்பத்தைந்து என்றே எழுதினேன். அவன் மறுபடி கல்லில் ஏறினான்.